மூலவோலையும் படியோலையும்

(தேவிகாபுரம் திருக்குட நன்னீராட்டு விழாச் சொற்பொழிவு)

திருச்சிற்றம்பலம்



தேவிகாபுரம் தறியொலியும் மணியொலியும் ஒருங்கே கேட்கும் பதி. மலைமேல் கனககிரீசப் பெருமானும், ஊரினுள் பெரியநாயகி அம்மையும் எழுந்தருளி அருள்பாலிக்கும் இத்தலத்தில், குடமுழுக்குக் காணும் பேறு எளிதில் வாய்ப்பதன்று. கல்தச்சர், சுதை வேலை செய்வோர், சிவாசாரியர், ஓதுவார், நாகசுரம் வாசிப்போர், பொருள் தந்தோர், உடலுழைப்பைத் தந்தோர் எனப் பலர் ஒன்றுகூடினாலன்றி இத்தகைய பெரும்பணி நிறைவேறாது. பலர் கூடுமிடத்துப் பல கருத்து எழுதல் இயல்பு. முன்மரியாதை யாருக்குரியது என்பதில் தொடங்கி, வேள்விச் சாலையில் ஓதும் மொழி யாது, இக்கோயிலின் பழைமை எத்துணை, இன்ன மண்டபத்தை எடுப்பித்தவர் யார் என்பன வரை வழக்குகள் வளரும். ஒரு சொல்லால் ஊர் இரண்டுபடுதலும் உண்டு. இரண்டுபட்ட ஊரில் தேர் நிலைவிட்டு நகராது.

கருத்து வேறுபடுதல் குற்றமன்று. வேறுபட்ட கருத்துகளை உண்மையோடு வைத்து நிறுக்கும் முறையை அறியாதிருத்தலே குற்றம். அம்முறையைச் சைவப் பெருமக்கள் வெளியிலிருந்து கடன் பெற வேண்டுவதில்லை. பெரியபுராணத்திலும் சித்தாந்த சாத்திரத்திலும் அது தெளிவுறக் கிடக்கின்றது. அதனை எடுத்துக் காட்டுவதே இச்சொற்பொழிவின் நோக்கம்.

முதற்கண் ஓர் எளிய எடுத்துக்காட்டு. ஒரு சேலையைக் கையில் வைத்துக்கொண்டு, இது தூய பட்டு என்று ஒருவரும், கலப்பு என்று மற்றொருவரும் வாதிடுவதாகக் கொள்வோம். முன்னவர் ஐம்பது ஆண்டு வணிகம் செய்தவர். பின்னவர் நேற்றுத் தொழிலுக்கு வந்த இளைஞர். இவ்வூர் நெசவாளர் இவருள் யார் பெரியவர் என்று பாரார். ஓரிழையைப் பிரித்து எடுத்துத் தீயிற் காட்டுவர். பட்டாயின் முடி கருகும் வாடை எழும்; சாம்பல் விரலிடைப் பொடியாகும். பாலியெஸ்டர் இழையாயின் உருகிக் கெட்டியான மணிபோல் திரளும். அவ்வளவில் வழக்குத் தீர்ந்தது. வயதும் செல்வமும் குரலின் உரமும் இழையின் தன்மையை மாற்றமாட்டா. தறியிடத்து யாவரும் இயல்பாகக் கைக்கொள்ளும் இந்நீதி, கோயில் மண்டபத்தில் ஏறியவுடன் மறந்துபோவது ஏன் என்பதே எண்ணற்பாலது.

இனி, சைவ உலகின் புகழ்பெற்ற வழக்கொன்றைக் காண்போம். அது திருவெண்ணெய்நல்லூர் அவையில் நடந்தது. சேக்கிழார் பெருமான் அதனைத் தடுத்தாட்கொண்ட புராணத்தில் விரித்துரைக்கின்றார். புத்தூரில் நம்பியாரூரர் மணக்கோலத்தோடு வீற்றிருக்கும்போது முதிய வேதியர் ஒருவர் வந்து, இவன் தமக்கு வழிவழி அடிமை என்று உரைத்தனர். அந்தணர் அந்தணருக்கு அடிமையாதல் உலகில் இல்லை என்பது நம்பியின் மறுப்பு. முதியவர் ஓலை காட்டினர். நம்பி அதனைப் பறித்துக் கிழித்தெறிந்தனர். வழக்கு வெண்ணெய்நல்லூருக்குச் சென்றது. இக்கதையை அறியாத சைவர் இலர். ஆயினும் அவ்வவையினர் வழக்கை ஆராய்ந்த முறையைக் கருத்தூன்றி நோக்கினோர் சிலரே.

அவையினர் முதலில், இத்தகைய அடிமை உலக வழக்கில் இல்லை என்றே கருதினர். எனினும் அக்கருத்தைத் தீர்ப்பாக்கி வழக்கைத் தள்ளிவிட்டாரல்லர். ஆட்சி, ஆவணம், சாட்சி என்னும் மூன்றனுள் ஒன்றினால் மெய்ப்பிக்குமாறு முதியவரைக் கேட்டனர். ஆட்சியாவது தொன்றுதொட்டு வரும் நடைமுறை. ஆவணமாவது எழுத்து. சாட்சியாவது பிறர் நேரிற் கண்டது. கிழிபட்டது படியோலையே; மூலவோலை தம்மிடம் உண்டு என்று முதியவர் கூறினர். அதனைக் கரணத்தான் வாங்கிப் படித்தனன். ஓலையில் மேலெழுத்து இட்டவர்கள் தம் எழுத்து ஒத்திருத்தலை நோக்கி உரைத்தனர். அதனோடும் அமையாமல், நம்பியின் பாட்டனார் வேறு எழுதிய ஓலை ஒன்றைக் காப்பிலிருந்து வருவித்து, இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பு நோக்கினர். எழுத்து ஒத்தது. பின்னரே நம்பி தோற்றார் என்று முடிவு கூறினர்.

இங்கே கருதத்தக்கவை பல. ஓலையைக் கிழித்தமையால் வழக்கு அழிந்துவிடவில்லை. எழுத்தைக் கிழிக்கலாம், உண்மையைக் கிழித்தல் இயலாது. வழக்கில் ஒருவர் ஊரறிந்த திருமகனார், மற்றவர் முன்பின் அறியப்படாத கிழவர் என்னும் வேற்றுமை தீர்ப்பைத் தொடவில்லை. ஓர் எழுத்தைச் சோதிக்க அவையினர் நாடியது வாய்ச்சொல்லை அன்று. அவ்வழக்கோடு தொடர்பற்ற வேறோர் எழுத்தை. ஒரு சான்றை அதற்குப் புறம்பான மற்றொரு சான்றால் அளத்தல் என்னும் இந்நெறியையே இக்காலத்துக் கையெழுத்து ஆய்வோரும் கல்வெட்டு ஆய்வோரும் கைக்கொள்கின்றனர்.

எல்லாவற்றினும் சிறந்தது இறுதியில் நிகழ்ந்தது. தீர்ப்புக் கூறிய பின்னும் அவையினர் ஆராய்ச்சியை நிறுத்தவில்லை. ஓலையில் கண்டபடி இவ்வூரினராயின் உம் மனை எங்கே, காட்டுக என்று முதியவரைக் கேட்டனர். அவர் திருவருட்டுறைத் திருக்கோயிலுள் அழைத்துச் சென்று மறைந்தருளினார். கேள்வி கேட்டதனாலன்றோ இறைவன் வெளிப்பட்டான்? ஆராய்ச்சி பத்திக்குப் பகை என்பார் இவ்விடத்தை மீண்டும் ஒருமுறை படித்தல் நலம்.

அத்திருவெண்ணெய்நல்லூரே பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டதேவர் வாழ்ந்து, பன்னிரண்டு சூத்திரம் நாற்பது அடியிற் சிவஞானபோதம் அருளிய ஊரும் ஆயிற்று. அவர்தம் மாணாக்கராகிய அருணந்தி சிவாசாரியர் சிவஞானசித்தியாரைப் பரபக்கம், சுபக்கம் என இரு பகுதியாக்கினார். சுபக்கத்தின் முகப்பில் அளவை இலக்கணத்தை வைத்து, காட்சி, கருதல், உரை என்னும் மூன்றில் பிற அளவைகளெல்லாம் அடங்கும் என்று காட்டினார். காட்சியுள்ளும் ஐயக் காட்சியும் திரிவுக் காட்சியும் அளவையாகா என விலக்கினார். தொலைவில் நிற்பது கட்டையோ மனிதனோ எனத் தடுமாறுதல் ஐயம். கயிற்றைப் பாம்பு என்றே துணிதல் திரிவு. இவ்விரண்டனுள் திரிவே மிக்க தீங்குடையது. ஐயமுற்றவன் விளக்கைக் கொணர்வான்; திரிபுற்றவன் தடியைக் கொணர்வான். ஊர் வழக்குகளில் பெரும்பாலானவை தடியோடு வந்தவர்களால் வளர்ந்தனவே.

பரபக்கத்தின் அமைப்பும் கருதற்பாலது. உலகாயதர் முதலாகப் பதினான்கு மதத்தினரை அருணந்தியார் அங்கே எடுத்துக்கொள்கின்றார். ஒவ்வொரு மதத்தையும் மறுக்குமுன் அம்மதத்தினர் கூற்று இன்னது என நிறுவிக் காட்டுகின்றார். எதிரியின் கருத்தை அவன் ஒப்புமாறு எடுத்துரைக்க மாட்டாதவனுக்கு அதனை மறுக்கும் உரிமை இல்லை என்பது இதனாற் பெறப்படும். இன்று அயலாரோடு மாறுபடுவோர், அயலார் கூறியது யாது என்று கேட்டால், பெரும்பாலும் அவர் கூறாததையே கூறுகின்றனர்.

இம்முறையைப் பிறர் வழக்கிற் செலுத்துதல் எளிது. தம் வீட்டு வழக்கிற் செலுத்துதலே அரிது. ஆதலின் சைவர் தமக்குள்ளேயே நெடுங்காலம் வாதிட்டுவரும் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சிவஞானபோதம் தமிழில் எழுந்த முதனூலா, வடமொழியினின்று பெயர்க்கப்பட்டதா என்பதே அது.

மொழிபெயர்ப்பே என்பவர் கூறுவது இது: வடமொழியில் பன்னிரண்டு சூத்திரமாகிய சிவஞானபோதம் உளது, அது ரௌரவாகமத்தில் பாசவிமோசனப் படலத்தைச் சேர்ந்தது, மெய்கண்டார் அதனைத் தமிழாக்கி வார்த்திகமும் செய்தருளினார். திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவர் இவ்வாறே கொண்டு மாபாடியம் இயற்றினார். அவர் 1785-இல் சிவகதி எய்தியவர். 1895-இல் இந்நூலை ஆங்கிலத்தில் வெளியிட்ட ஜே. எம். நல்லசாமிப் பிள்ளையவர்களும் இக்கொள்கையையே தழுவினார்கள். நந்தியெம்பெருமான் முனிவர் குழாத்துக்கு அருளிய சிவஞானபோதம் என்று நூலின் சிறப்புப்பாயிரம் கூறுவது இவர்களுக்குத் துணையாகின்றது.

தமிழ் முதனூலே என்பவர் கூறுவது இது: பன்னிரண்டு சூத்திரங்களுள் எவ்விடத்தும் ரௌரவம் என்னும் பெயர் இல்லை, சிறப்புப்பாயிரம் ஆசிரியர் வாக்கன்று, அது கூறும் நந்தி மரபும் உபதேச வழியைக் குறிக்குமேயன்றி ஏட்டு வழியைக் குறிக்க வேண்டுவதில்லை, தமிழ்ச் சூத்திரத்தின் செறிவு பெயர்ப்பு நூலுக்கு அமைவதன்று, ஆதலின் வடமொழிச் சூத்திரங்களே பின்னர்த் தமிழினின்று ஆக்கப்பட்டிருத்தல் கூடும்.

இரு திறத்தாரும் கற்றவர். இரு திறத்தாரும் மெய்கண்டாரைத் தலைமேற் கொள்பவர். பின்னை வழக்குத் தீர்வது எங்ஙனம்? வெண்ணெய்நல்லூர் அவையினர் செய்தது போல மூலவோலையைத் தேடுவதே வழி. ரௌரவாகமம் என்னும் நூலைத் திறந்து பார்த்தல் வேண்டும்.

அவ்வாறு பார்க்கும் வாய்ப்பு இருபதாம் நூற்றாண்டில் நேர்ந்தது. 1955-இல் புதுச்சேரியில் தோன்றிய பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனம், சிவாசாரியர் இல்லங்களிலும் மடங்களிலும் கோயில்களிலும் சிதறிக்கிடந்த ஆகமச் சுவடிகளைத் திரட்டத் தொடங்கியது. புதுச்சேரியில் அவ்வாறு சேர்ந்த சைவச் சுவடித் தொகுதி ஏறத்தாழப் பதினோராயிரம் சுவடிகளைக் கொண்டது. 2005-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டிலும் இடம்பெற்றது. அச்சுவடிகளைக் கொண்டு என். ஆர். பட் என்னும் பேரறிஞர் ரௌரவாகமத்தைப் பாடவேறுபாடுகளோடு ஆராய்ந்து, 1961, 1972, 1988 ஆகிய ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக வெளியிட்டார். கிடைத்த ரௌரவாகமத்துள் சிவஞானபோதச் சூத்திரம் பன்னிரண்டும் காணப்படவில்லை.

இவ்வுண்மை வெளிப்பட்டதும் ஒரு திறத்தார் வென்றோம் என்பர். மற்றொரு திறத்தார் அப்பதிப்பே பிழை என்பர். இரண்டும் அவசரம். அளவை நூல் கற்றவர் மெல்ல நிறுத்துப் பார்ப்பர்.

கிடைத்த ஆகமத்தில் இல்லை என்பது காட்சி. ஆதலின், ரௌரவத்தில் இருக்கின்றது, சென்று காண்க என்று இனி எவரும் கூறல் இயலாது. இஃது ஒன்று. ஆயின், கிடைத்த ஆகமம் முழுமையானதன்று. ஆகமங்கள் பலவற்றில் பகுதிகள் மறைந்துபோயின. ஆதலின், என்றுமே இருந்ததில்லை என்று துணிவதும் காட்சியைக் கடந்து செல்வதாகும். இஃது இரண்டு. சூரியனார்கோயில் ஆதீனத்துச் சிவாக்கிரயோகிகள் பதினாறாம் நூற்றாண்டில் வடமொழிச் சூத்திரங்களுக்குப் பாடியம் செய்திருக்கின்றார். அச்சூத்திரங்கள் அக்காலத்திற்குப் பிற்பட்டனவல்ல என்பது அதனால் உறுதி. மெய்கண்டாருக்கு முற்பட்டனவா என்பதை அவ்வுரை காட்டமாட்டாது; மெய்கண்டாருக்கும் அவ்வுரைக்கும் இடையே ஏறத்தாழ முந்நூறு ஆண்டு கிடக்கின்றது. இஃது மூன்று.

இங்ஙனம் பிரித்து நோக்கின், ஒரு வழக்கு எனத் தோன்றியது மூன்று வழக்காதல் புலப்படும். வடமொழிச் சூத்திரம் கிடைத்துள்ள ரௌரவத்தில் உண்டா என்பது முதலாவது. இல்லை என்பது விடை. தமிழும் வடமொழியும் ஆகிய இரண்டனுள் முந்தியது எது என்பது இரண்டாவது. இதற்குக் கிடைத்துள்ள சான்று முடிவுரைக்கப் போதாது. மெய்கண்டார் உரைத்த பொருள் சிவாகமங்களின் ஞானப் பொருளோடு இயைந்ததா என்பது மூன்றாவது. இதற்கு விடை காண ஓலைச் சுவடியின் காலக்கணக்கு வேண்டுவதில்லை, நூற்பொருளை நூற்பொருளோடு ஒப்பிட்டாற் போதும். வாதிடுவோர் முதல் வினாவின் விடையைக் கொண்டு மூன்றாவதைத் தாக்குகின்றனர். மூன்றாவதன் மேலுள்ள அன்பினால் முதலாவதை மறைக்கின்றனர். சினம் இக்கலப்பினின்றே பிறக்கின்றது. பாவும் ஊடையும் சிக்கினால் அறுத்தெறிபவன் நெசவாளன் அல்லன். இழை இழையாகப் பிரிப்பவனே நெசவாளன்.

இவ்வாறே வாதவூரடிகளின் காலத்தைப் பற்றிய வழக்கும். மறைமலையடிகள் 1930-இல் வெளியிட்ட மாணிக்கவாசகர் வரலாறும் காலமும் என்னும் பெருநூலில் அவரை மூன்றாம் நூற்றாண்டினராக நிறுவ முயன்றார். வேறு ஆராய்ச்சியாளர் பலர் ஒன்பதாம் நூற்றாண்டினர் என்றனர். திருக்கோவையாரில் வரகுணன் என்னும் பாண்டியன் பெயர் வருகின்றது. கல்வெட்டும் செப்பேடும் காட்டும் வரகுண பாண்டியர் இருவரும் எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டினர். அவருள் இரண்டாம் வரகுணனின் எட்டாம் ஆட்சியாண்டு சக ஆண்டு 792, அதாவது கி.பி. 870, என்பதைப் பழனிக்கு அருகிலுள்ள ஐவர்மலைக் கல்வெட்டுத் தெளிவுறுத்துகின்றது. அவர்களுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டிலும் ஒரு வரகுணன் இருந்திருக்கலாமே எனின், இருந்திருக்கலாம். ஆயின் இருந்திருக்கலாம் என்பது கருத்து. இருந்தான் என்பதற்குக் கல்லோ செப்போ வேண்டும். அத்தகைய சான்று வெளிப்படும்வரை தராசின் தட்டு ஒன்பதாம் நூற்றாண்டின் பக்கமே தாழ்ந்து நிற்கும்.

இவ்வழக்கில் மறைந்துகிடக்கும் அச்சம் யாது? காலம் பிற்பட்டால் பெருமை குறையும் என்பதே. அஃது அடிப்படையற்ற அச்சம். திருவாசகத்தைக் கேட்டு உருகும் நெஞ்சம் ஆண்டுக் கணக்கைக் கேட்டு உருகுவதன்று. அறுநூறு ஆண்டு முன்வைத்தாலும் பின்வைத்தாலும் அதன் ஒரு சொல்லும் மாறாது. மறைமலையடிகள் முடிபை ஏலாதவரும் அவர் திரட்டிய செய்திகளுக்குக் கடன்பட்டவரே. முடிபை மறுத்தல் வேறு. முடித்தவரை இகழ்தல் வேறு.

அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்றும் ஈண்டு நினைவு கூர்தற்குரியது. தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் 2020-ஆம் ஆண்டு பிப்ரவரி 5-ஆம் நாள் குடமுழுக்கு நிகழ்ந்தது. அதற்கு முன், அது தமிழில் நிகழ்தல் வேண்டும் என்று ஒரு சாராரும், ஆகம மரபுப்படி வடமொழியில் நிகழ்தல் வேண்டும் என்று மற்றொரு சாராரும் வழக்காடினர். உயர்நீதிமன்றத்து மதுரைக் கிளை சனவரி 31-ஆம் நாள், இரு மொழியிலும் நிகழ்த்துவதற்கு இசைந்து தீர்ப்பளித்தது. அக்கோயிற் சுவரே இவ்வழக்கில் ஒரு சாட்சி. திருப்பதியம் விண்ணப்பம் செய்வதற்கு நாற்பத்தெண்மர், உடுக்கை வாசிப்பார் ஒருவர், கொட்டி மத்தளம் வாசிப்பார் ஒருவர் என ஐம்பதின்மரை முதலாம் இராசராசன் நியமித்த செய்தி அங்குக் கல்லில் உளது. பெருவுடையார் திருமுன் தமிழ்ப் பதிகம் அரசனால் நிவந்தம் பெற்று ஒலித்தது என்பதை இனி எவரும் மறுத்தல் இயலாது. அதே வேளையில், 1010-ஆம் ஆண்டுக் குடமுழுக்கில் வேள்விச் சாலையில் ஓதிய மொழி யாது என்னும் வினாவிற்கு அக்கல்வெட்டு விடை கூற எழுந்ததன்று. ஒரு சான்று தன்னிடம் கேட்ட வினாவிற்கே விடை தரும். கேளாத வினாவிற்கும் அதனை இழுத்து விடை கூறச் செய்தல் சாட்சியைத் திரிப்பதாகும்.

இனித் தேவிகாபுரத்திற்கு வருவோம். இவ்வூரில் இரு வகைச் செல்வம் உண்டு. ஒன்று செவிவழிச் செல்வம். தேவி தவமியற்றிய இடமாதலின் தேவிகாபுரமாயிற்று என்பர். மலையிற் கிழங்கு அகழ்ந்த வேடன் கருவிபட்டுப் பெருமான் திருமேனியில் குருதி பெருகிற்று என்றும், அப்புண்ணுக்கு மருந்தாகவே வெந்நீர்த் திருமுழுக்கு ஏற்பட்டது என்றும் வழிவழியாகக் கூறுவர். மற்றொன்று கல்வழிச் செல்வம். பெரியநாயகி அம்மை திருக்கோயிலில் விசயநகரப் பேரரசர் காலத்துக் கல்வெட்டுகள் பல உள. அவற்றை அரசாங்கக் கல்வெட்டுத் துறையினர் 1912-இல் படியெடுத்தனர். தமிழகத்து நிலவுரிமை வரலாற்றை ஆராய்வோர் அவற்றைப் பெரிதும் பயன்படுத்துகின்றனர்.

இவ்விரு செல்வமும் தம்முள் பகைப்பன போலச் சிலர் பேசுவர். கல்லில் இல்லாத கதை பொய் என்பார் ஒரு சாரார். தலபுராணம் இருக்கக் கல்வெட்டு எதற்கு என்பார் மற்றொரு சாரார். இருவரும் வினாவை மயக்குகின்றனர். இன்ன ஆண்டில் இன்ன நிலம் இன்னாருக்கு எவ்வுரிமையோடு சென்றது என்பதைக் கல்வெட்டிடம் கேட்டல் வேண்டும். வேடன் கதை அதற்கு விடை கூறாது. கல்லையும் புண்படும் திருமேனியாகக் கண்டு, தாய் குழந்தையை நீராட்டுவது போல வெந்நீரால் ஆட்டும் அன்பு எத்தகையது என்பதை அக்கதையிடம் கேட்டல் வேண்டும். நிலக்கணக்கு அதற்கு விடை கூறாது. நிலவழக்கில் புராணத்தைச் சாட்சிக்கு அழைப்பதும், அன்பின் வரலாற்றில் பட்டயம் கேட்பதும் ஒரே வகைப் பிழையே.

ஆகவே, கருத்து வேறுபாடு எழுந்துழிக் கொள்ளத்தக்க நெறி இதுவெனத் தொகுத்துக் கூறலாம். எதிரியின் கூற்றை அவன் ஒப்புமாறு முதலில் எடுத்துரைத்தல் வேண்டும். வழக்கை அதனுள் அடங்கிய வினாக்களாகப் பிரித்தல் வேண்டும். ஒவ்வொரு வினாவிற்கும் ஆட்சி, ஆவணம், சாட்சி என்பனவற்றுள் எது உளது என நாடல் வேண்டும். ஒரு சான்றை அதற்குப் புறம்பான மற்றொரு சான்றால் ஒத்துப் பார்த்தல் வேண்டும். சான்று நிற்கும் இடத்தில் தீர்ப்பும் நிற்றல் வேண்டும். அதற்கு அப்பாலுள்ளதை, இன்னும் தெளியவில்லை என்று கூறி விடுத்தல் இழிவன்று. தோற்றவரை ஊரினின்று விலக்காமை யாவற்றினும் தலையாயது. நம்பியாரூரர் வழக்கில் தோற்றவர். தோற்றமையாலன்றோ அவர் தம்பிரான் தோழர் ஆயினார்?

இந்நெறி யாவும் ஒன்றைப் பற்றி நிற்கின்றது. மூலவோலை இருந்தால்தான் வழக்குத் தீரும். வெண்ணெய்நல்லூர் அவையினர் பழைய ஓலையைக் காப்பில் வைத்துப் போற்றியிராவிடின் எதனோடு ஒப்பு நோக்கியிருப்பர்? திருப்பணிச் செல்வர்கள் சிறப்பாகக் கருதத்தக்க இடம் இது. கோயிற் சுவரே ஊரின் மூலவோலை. நல்லெண்ணத்தோடு செய்யும் திருப்பணியிலேயே அவ்வோலை கிழிபடுதல் உண்டு. தமிழகத்துக் கோயில்கள் பலவற்றில் மணலைப் பீச்சிச் சுவரைத் துலக்கியமையால் எழுத்து மழுங்கிற்று. சுண்ணமும் வண்ணமும் பூசியமையால் எழுத்து மறைந்தது. அடித்தளத்து வரிகள் புதிய தளக்கல்லின் கீழ்ப் புதைந்தன. பிரித்த மண்டபத்துக் கற்கள் எண்ணிடப்படாமையால் வரி தலைமாறி அடுக்கப்பட்டன. செய்தவர் எவரும் தீயவரல்லர். ஆயினும் கிழிந்த ஓலை கிழிந்ததே. இஃதொன்றே, படியும் இல்லாவிடின் மூலமும் இல்லாமற் போம்.

முன்னோர் இதில் எத்துணை விழிப்போடிருந்தனர் என்பதற்குத் திருமழபாடி சான்று. முதலாம் இராசராசன் தன் இருபத்தெட்டாம் ஆட்சியாண்டில், அதாவது 1013 அளவில், அங்குள்ள விமானத்தைப் பிரித்துப் புதுக்கக் கட்டளையிட்டபோது, அதிலிருந்த கல்வெட்டுகளையெல்லாம் முன்னரே புத்தகத்தில் படியெடுக்கச் செய்தான். திருப்பணி முடிந்தபின், அவன் மகன் முதலாம் இராசேந்திரனின் பதினான்காம் ஆட்சியாண்டில், அதாவது 1026 அளவில், அவை மீண்டும் கல்லில் வெட்டப்பட்டன. தந்தை தொடங்கிய படியைத் தனயன் காலத்தில் மூலமாக்கினர். பேரரசன் செய்த இதனைச் செய்தல் இன்று மிக எளிது. சுவரில் கைவைக்குமுன் கல்வெட்டறிஞரை அழைத்து மைப்படி எடுத்தல், ஒளிப்படம் எடுத்தல், பிரிக்கும் கல்லுக்கு எண்ணிடல், எழுத்துள்ள இடத்தில் வண்ணமும் தளக்கல்லும் தவிர்த்தல் ஆகிய இவற்றிற்கு ஆகும் செலவு ஒரு நாளைய மலர்ச் செலவிற்கும் குறைவே. விமானத்துக்குப் பொன் வேய்ந்த புண்ணியத்தோடு, ஓர் எழுத்தைக் காத்த புண்ணியமும் வைத்து எண்ணத்தக்கது. பொன்னை மற்றொருவர் மீண்டும் வேயலாம். அழிந்த எழுத்தை எவர் எழுதுவார்?

குடமுழுக்கு நீர் கலசத்திற் பட்டுச் சுவர்வழி இறங்கும்போது, முன்னோர் வெட்டிய அவ்வெழுத்துகளையும் நனைத்தே இறங்குகின்றது. வழக்கு வரும்போதெல்லாம் இவ்வூரார் அச்சுவரண்டைச் சென்று விளக்கை ஏற்றிப் படிப்பாராக. படித்தது தம் கருத்தோடு மாறினால் கருத்தை மாற்றிக்கொள்வாராக. மாற்றிக்கொண்டவரை மற்றவர் எள்ளாமல் தேர்வடத்தில் தமக்குப் பக்கத்தில் இடம் தருவாராக. பெரியநாயகி அம்மை உடனாய பெருமான் திருவருள் யாவர்க்கும் பெருகுக.

திருச்சிற்றம்பலம்